பிச்சம்மாளுக்கு நிழல் செய்த கூட்டுக்குழு

பஸ் ஸ்டாப்பில் பூ விற்கும் பிச்சம்மாளுக்கு நல்ல நிழல் அமைத்துக் கொடுப்பது என்று முடிவு செய்த கூழாங்குறிச்சி ஊர் முன்னேற்றக் கூட்டுக்குழு, முதல் வேலையாக அவள் தலைக்கு மேலே இருந்த ஓலைப் பந்தலைப் பிரித்துப் போட்டது.

சிரிக்க வேண்டாம். காரணம் இருந்தது. காரணம் இல்லாமல் கூழாங்குறிச்சிக்காரர்கள் ஒரு துரும்பைக்கூட அசைக்க மாட்டார்கள். காரணம் மட்டும் கிடைத்துவிட்டால் கோபுரத்தையே அசைத்துவிடுவார்கள்.

இந்த ஊர்க்காரர்கள் தனித்தனியாக உருப்பட மாட்டார்கள் என்று தெரிந்துகொண்ட ஏதோ ஓர் ஆபீஸ், கூட்டாகச் சேர்ந்தாவது உருப்படட்டும் என்று பிருந்தா என்ற பெண்ணை ஆலோசகராக அனுப்பி வைத்தது. நல்ல பெண். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் துணிப்பை, முகம் நிறைய நம்பிக்கை. அந்த நம்பிக்கை பிறகு என்ன ஆயிற்று என்று பின்னால் சொல்கிறேன்.

பிருந்தா பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே கூட்டம் கூடியது. "ஊருக்கு என்ன குறை?" என்று கேட்டாள். மற்றவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தபோதே பிச்சம்மாள் சொல்லிவிட்டாள்.

"என் பந்தல் ஒரு மூலையில பொத்தலாயிட்டும்மா. ரெண்டு புது ஓலை போட்டாப் போதும்."

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் பிருந்தா படித்த பெண்.

"நல்ல ஆரம்பம். ஆனா இருக்கிறதையே ஒட்டுப் போடுறதைப் பத்தி மட்டும் யோசிக்காதீங்க. அங்க ஒண்ணுமே இல்லைன்னு நினைச்சுக்கிட்டு ஆரம்பிங்க. அப்பதான் புது யோசனை வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

குழுவில் நாலு பேர். தலைவர், பாத்திரக்கடை ஆவுடையப்ப அண்ணாச்சி. செயலாளர், ரிட்டயர்டு வாத்தியார் ஜெபமணி. பிறகு டீக்கடை செய்யது பாவா. எல்லாருக்கும் அவர் பாய். நாலாவது, குடை ரிப்பேர் செய்யும் காசிராஜன். வியாபாரிகள் சங்கம், சர்ச், பள்ளிவாசல், தொழிலாளர் என்று ஊரின் நாலு பக்கத்திலிருந்தும் ஆளுக்கு ஒருவர். நாலு பக்கத்து மூளையும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அன்றைக்கே பார்த்தோம்.

"ஒண்ணுமே இல்லைன்னு நினைக்கச் சொல்லிருக்கா" என்றார் அண்ணாச்சி, பந்தலை அண்ணாந்து பார்த்து. "ஆனா இருக்குல்லா?"

"இருக்கு" என்றார் வாத்தியார்.

"இருக்கிறதை எப்படிவே இல்லைன்னு நினைக்கிறது?"

காசிராஜன் கண்ணை இறுக மூடிப் பார்த்தான். "மூடினா இல்ல அண்ணாச்சி. தொறந்தா இருக்கு."

"எம்புட்டு நேரம் மூடிட்டே இருக்க முடியும்? எடுத்திருவோம். எடுத்துட்டா, இல்லைன்னு நினைக்கிறது சுலபம்."

பிரித்த ஓலைகளை அண்ணாச்சி கடைப் பரணில் கொண்டு போய்ப் போட்டார்கள். திட்டம் முடியும் வரைக்கும் பஸ் ஸ்டாப்பில் யாரும் எதையும் நிறுத்தவோ கட்டவோ கூடாது என்று ஒரு தீர்மானமும் போட்டார்கள். பிச்சம்மாள் வெயிலில் உட்கார்ந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கஷ்டம் என்னவென்றால், பூ வாங்குகிறவர்கள் வருவதே மத்தியான பஸ்ஸில்தான். கிழக்கே இருக்கும் சாஸ்தா கோயிலுக்குப் போகிற கூட்டம் அதில்தான் இறங்கும். காலையில் கட்டிய பிச்சியும் மல்லியும் அதுவரைக்கும் தாங்க வேண்டும். நிழல் இருந்தால் ஈரத்துணியைப் போட்டு மூடித் தாங்க வைத்துவிடுவாள். மாசி வெயிலில் துணியே அப்பளமாகிவிடுகிறது. பூ என்ன செய்யும்? பங்குனி உத்திரத்தன்றுதான் அவளுக்கு வருஷ வியாபாரம். குலதெய்வம் கும்பிட எங்கெங்கிருந்தோ வருவார்கள்.

"அண்ணாச்சி, நல்லாக் கேட்டுக்கிடுங்க" என்றாள். "உத்திரத்தன்னைக்கு என் பூ வாடிச்சுன்னா, மறுநாளே கூடையைத் தூக்கிட்டு என் தங்கச்சி ஊருக்குப் போயிருவேன். அப்புறம் உங்க சாஸ்தாவுக்கு வேப்பங்கொழையைக் கட்டிப் போடுங்க."

"அதுக்குள்ள ஊரே குளுகுளுன்னு ஆயிரும் பிச்சம்மா" என்றார் அண்ணாச்சி. அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அதுதான் ஆபத்து.

அடுத்த முறை பிருந்தா வந்தபோது, "நாம நாலு பேரே முடிவு பண்ணக் கூடாது. வீடு வீடாப் போய் மக்கள்கிட்ட கேளுங்க. ஒரு வீட்டையும் விட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு வீட்டையும் விடவில்லை. நாலு பேரும் வரிசையாகப் போய், வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரிடமும், "உங்களுக்கு நிழல் வேணுமா?" என்று கேட்டார்கள்.

"வீட்டுக்குள்ள எதுக்கு நிழல்?" என்றாள் வாத்தியாரின் பக்கத்து வீட்டுக்காரி கனகரத்தினம். "வெளிச்சம்தான் பத்தல. நீங்க நாலு பேரும் வாசலை அடைச்சுட்டு நிக்காம கொஞ்சம் தள்ளிக்கிட்டா, நான் அரிசியில கல்லு பொறுக்கிருவேன்."

மற்ற வீடுகளிலும் அதே பதில்தான். ஒரே ஒரு வீடு பூட்டியிருந்தது. காசிராஜன் கதவில் வாயை வைத்து மூன்று தடவை கேட்டான். உள்ளேயிருந்து யாரும் வேணும் என்று சொல்லவில்லை. எனவே அந்த வீட்டுக்கும் வேண்டாம் என்று சேர்த்துக்கொண்டார்கள். அது பிச்சம்மாளுடைய வீடு. அவள் பஸ் ஸ்டாப்பில் வெயிலில் உட்கார்ந்திருந்தாள்.

பிருந்தாவிடம் வாத்தியார் எழுந்து நின்று அறிக்கை வாசித்தார். "இவ்வூரில் ஒருவருக்கும் நிழல் தேவையில்லை."

"பஸ் ஸ்டாப்புல இருக்கிறவங்களைக் கேட்டீங்களா சார்?"

"வீடு வீடாகக் கேட்கச் சொன்னீர்கள் அம்மா. பஸ் ஸ்டாப் வீடு இல்லையே."

பிருந்தா பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். கொஞ்சம் தலையிலும் ஊற்றிக்கொண்டாள். பிறகு, "சரி. புதுசா எதுவும் வாங்க வேண்டாம். ஊர்ல ஏற்கெனவே இருக்கிறது என்ன, அதுல சும்மா கிடக்கிறது எதுன்னு பாருங்க. அதை எடுத்துப் பயன்படுத்துங்க" என்றாள்.

இது அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஊரெல்லாம் சுற்றி, குளக்கரைப் புளியமரத்தடியில் ஒரு பெரிய நிழல் சும்மா கிடப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஒரே ஓர் ஆடுதான் அதில் படுத்திருந்தது.

"இம்புட்டு நிழலு ஒரு ஆட்டுக்கா? அநியாயம்!" என்றார் பாய்.

வேறு யாரும் எடுத்துவிடாதபடி, நிழலைச் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் நிழல் கோட்டை விட்டு வெளியே கிடக்கிறது.

"நகட்டிருக்கான்" என்றார் அண்ணாச்சி.

"யாரு?"

"எவனோ. கோட்டுக்குள்ள வெச்ச சாமான் கோட்டுக்கு வெளியே இருக்குன்னா, தானாவா நடந்து போகும்?"

"ஆடும் நகந்திருக்கு பாருங்க" என்றார் பாய். "அதுக்கு எல்லாம் தெரியும். வாயைத் தொறக்க மாட்டேங்குது."

காசிராஜனைக் காவலுக்கு வைத்தார்கள். யாரும் இழுக்க முடியாதபடி அவன் நிழலின் மேலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். சாயங்காலம் போய்ப் பார்த்தால், நிழல் அடுத்த தோட்டத்து வேலிக்குள் இருந்தது. காசிராஜனும் வேலிக்குள் இருந்தான்.

"நான் எந்திரிக்கவே இல்ல அண்ணாச்சி. உக்காந்தவாக்கில கூடவே நகந்து வந்தேன். ஆனாலும் என் கண்ணு முன்னாடியே இழுத்துட்டாங்க. பலே கையி."

நெடுநேரம் பேசியபின் வாத்தியார் விஷயத்தைப் பிடித்தார். "பூவைக் காம்பில்லாமல் பறித்தால் என்ன ஆகும்? உதிர்ந்துவிடும். நிழலும் அப்படியே. நாம் காம்போடு எடுக்கவில்லை."

காம்பு என்றால் மரம். மறுநாள் புளியமரத்தில் பெரிய கிளையாகப் பார்த்து வெட்டி, நாலு பேரும் தோளில் சுமந்துகொண்டு வந்து பஸ் ஸ்டாப்பில் படுக்கப் போட்டார்கள். கிளைக்கு அடியில் ஒரு சாண் நிழல் இருந்தது. ஓர் ஓணான் அதில் போய் உட்கார்ந்தது.

"பிச்சம்மா, கொஞ்சம் குனிஞ்சு உள்ள போ" என்றார் அண்ணாச்சி.

"நான் என்ன பெருச்சாளியா?"

"மரத்துல இருந்தப்ப பெருசாத்தானே இருந்துச்சு" என்று கவலைப்பட்டார் பாய்.

"ஒசரத்துல இருந்து விழுந்துச்சு பாய், அதான் நல்லாப் பரவுச்சு. டீயைத் தூக்கி ஆத்தும்போது நுரை வருதுல்லா, அந்த மாதிரி. இங்க தரையோட தரையா இருக்கு. எப்படிப் பரவும்?" என்றார் அண்ணாச்சி.

"அப்ப தூக்கி நிறுத்துங்களேன்!" என்று கத்தினாள் பிச்சம்மாள்.

நாலு பேரும் அவளை இரக்கத்தோடு பார்த்தார்கள். பஸ் ஸ்டாப்பில் எதையும் நிறுத்தவோ கட்டவோ கூடாது என்று தீர்மானம் இருப்பது பாவம், அவளுக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது? இரண்டு நாளில் அந்த ஆடே வந்து இலையைத் தின்றுவிட்டுப் போயிற்று. தன் நிழலைத்தானே தின்கிறது என்று யாரும் விரட்டவில்லை.

பிச்சம்மாளுக்கு அன்றைக்கும் பாதிப் பூ குப்பைக்குப் போனது.

மூன்றாவது முறை வந்த பிருந்தா, மொட்டைக் கிளையைப் பார்த்தாள். அது என்ன என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்வார்கள் என்று அதற்குள் கற்றுக்கொண்டிருந்தாள். அவள் பேச்சும் இப்போது சுருங்கிவிட்டது. "சார், எதையும் எடுத்தவுடனே பெருசாப் பண்ணாதீங்க. முதல்ல சின்னதா ஒரு பந்தல் போட்டுப் பாருங்க. உள்ள இருக்கிறவங்க திருப்தியா இருந்தா, அப்புறம் பெருசாப் பண்ணலாம். தீர்மானத்துல அதுக்கு மட்டும் விலக்குக் குடுங்க."

விலக்குக் கொடுத்தார்கள். சின்னதாகத்தான் போட்டார்கள். நாலு ஈர்க்குச்சி, அதன்மேல் ஒரு பூவரசம் இலை. அழகாக இருந்தது என்று சொல்லாமல் இருக்க முடியாது. பிச்சம்மாளின் சுண்டுவிரலுக்கு அதில் நல்ல நிழல் கிடைத்தது.

"கொஞ்சம் பெருசாத்தான் போடணுமோ?" என்று டீக்கடைக்குப் போய் ஒரு மணி நேரம் பேசி, கடைசியில் கோழிக்கூடு அளவுக்குப் பந்தல் போட்டார்கள். போட்டதும் ஒரு கோழி வந்து உள்ளே உட்கார்ந்தது. குழு எதிரே குத்தவைத்து அதைக் கவனித்தது.

"திருப்தியா இருக்கிற மாதிரிதான் தெரியுது" என்றார் பாய்.

"எப்படிச் சொல்லுதீரு?"

"எந்திரிச்சுப் போகலையே."

சற்று நேரத்தில் கோழி முட்டை போட்டது. நாலு பேரும் துள்ளி எழுந்தார்கள். திட்டம் போட்ட அன்றைக்கே பலன் கிடைத்த ஊர் வேறு எங்கே இருக்கிறது? வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. பிச்சம்மாளுக்கும் கண் கலங்கியது. அது வெயிலால்.

அவள் காசிராஜனைக் கூப்பிட்டாள். அவன் கையில் எப்போதும் ஒரு குடை மடக்கி இருக்கும், தொழிலுக்கு விளம்பரமாக.

"ஏய்யா காசி, அந்தக் குடையை விரிச்சு என் கூடைக்கு மேல வையேன்."

காசிராஜன் வானத்தை நன்றாகப் பார்த்தான். எல்லாப் பக்கமும் பார்த்தான். "எங்க மயினி, மழையே காணும்?"

பிச்சம்மாள் திரும்பிக்கொண்டு துணியை நனைத்தாள். நானாக இருந்தால் குடையைப் பிடுங்கி அவன் முதுகிலேயே விரித்திருப்பேன்.

உத்திரத்துக்கு முந்தின நாள் பிருந்தா போன் செய்தாள். "நாளைக்கு மத்தியான பஸ்ல வர்றேன். நிழல் வேலை என்னாச்சு? சரி, வேண்டாம், சொல்லாதீங்க. ஒண்ணு மட்டும் செய்ங்க. நாளைக்கு நான் வர்ற வரைக்கும் எல்லாரும் கைகோத்து நில்லுங்க. ஒருத்தரும் விலகிடாதீங்க."

உத்திரத்தன்று காலை. வெயில் விடியும்போதே கோபத்தோடு விடிந்தது. பிச்சம்மாள் இரண்டு கூடைப் பூவும், கட்டி முடித்த மாலைகளும் கொண்டு வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தாள். ஈரத்துணியைப் போட்டு மூடினாள். துணி காய்ந்தது. மறுபடி நனைத்தாள். குடத்தில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது.

குழு டீக்கடை நிழலில் கூடியது. அங்கேதான் அண்ணாச்சிக்கு ஒரு பயங்கரமான விஷயம் உறைத்தது. கூழாங்குறிச்சியில் ஒரு வழக்கம் உண்டு. எந்த இடத்தில் குறையோ, அந்த இடத்தில் நின்றுதான் பேச வேண்டும். வேறு இடத்தில் பேசியது பேச்சில் சேராது. முன்பு ஊர்க் கிணறு வற்றியபோது கிணற்றுக்குள் இறங்கித்தான் பேசினார்கள். பேச்சு முடிவதற்குள் மழை பிடித்து, தண்ணீர் இடுப்பு வரைக்கும் வந்து, தீர்மானம் நிறைவேறிவிட்டதாக அறிவித்துக்கொண்டு மேலே ஏறினார்கள்.

"நாம இத்தனை நாளா எங்கெங்க நின்னு பேசினோம்?" என்றார் அண்ணாச்சி.

"புளியமரத்தடி" என்றார் பாய். "வாத்தியார் வீட்டுத் தாவாரம். அப்புறம் என் கடை."

"மூணுலயும் நிழல் இருக்குல்லாவே! நிழல் இல்லாத இடத்துல ஒருநாளாவது பேசினோமா?"

எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். திட்டம் ஏன் நகரவில்லை என்பது இப்போதுதான் விளங்கியது. நாலு பேரும் ஓடிப் போய், பிச்சம்மாளைச் சுற்றி நின்று, கையோடு கை கோத்துக்கொண்டு, பேச ஆரம்பித்தார்கள்.

"தலைவர் அவர்களே! இவ்விடத்தில் நிழல் இல்லாமைக்குக் காரணம் யாது?"

"வெயிலு."

"வெயிலுக்குக் காரணம்?"

"நிழலு இல்லாதது."

பேச்சு நன்றாகச் சூடு பிடித்தது. பிச்சம்மாள் நெற்றியைத் துடைக்கக் கையைத் தூக்கியவள், அப்படியே நிறுத்தினாள். நெற்றியில் வெயில் இல்லை. கூடையைப் பார்த்தாள். கூடை மேலும் இல்லை. அண்ணாச்சியின் தொப்பையும் வாத்தியாரின் தோளும் பாயின் தலைப்பாகையும் சேர்ந்து, இரண்டு கூடைகளையும் அழகாக மூடியிருந்தன.

அவள் சத்தம் போடாமல் துணியை நனைத்துப் பூவை மூடினாள். ஆனால் பேச்சு ஓயப் போகிற மாதிரி தெரிந்ததும், "அண்ணாச்சி, வெயிலுக்கு யாருகிட்ட சொல்லணும்?" என்று ஒரு கேள்வியைப் போட்டாள். இன்னொரு மணி நேரம் ஓடியது.

கடைசியில் காசிராஜன்தான் கீழே பார்த்தான். "அண்ணாச்சி! நிழலு!"

"எங்க?"

"மயினி மேல. யாரோ கொண்டாந்து போட்டிருக்காங்க."

"புளியமரத்துல காணாமப் போனதா இருக்குமோ?"

வாத்தியார் கண்ணாடியைச் சரிசெய்ய முடியாமல் (கைகள் கோத்திருந்தன) மூக்கைச் சுருக்கிப் பார்த்தார். "இல்லை. இது என் காலிலிருந்து கிளம்புகிறது. அது தலைவரின் காலிலிருந்து. சகோதரர்களே, இது நம்முடைய சொந்த நிழல்!"

நாலு பேரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்கள். சொந்த உழைப்பில் வந்தது அல்லவா! இனி அசையவே கூடாது என்று தீர்மானித்தார்கள். ஆனால் ஒரு சிக்கல். பிச்சம்மாளுக்கு நிழல் வந்துவிட்டது. குழுவுக்கு வெயில் மண்டையைப் பிளந்தது.

"குழுவுக்கு நிழல் குடுக்க ஒரு துணைக்குழு வேணும்" என்றார் பாய்.

குரல் கொடுத்தார்கள். எட்டுப் பத்துப் பேர் வந்து குழுவைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள். சற்று நேரத்தில் துணைக்குழுவுக்கு வியர்த்தது. அதைச் சுற்றி நிற்க மேலத்தெரு வந்தது. மேலத்தெருவுக்கு நிழல் கொடுக்கக் கீழத்தெரு வந்தது. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த கனகரத்தினம் முறத்தோடு வந்து முறத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றாள். பார்க்கப் போனால் அந்த ஊரிலேயே அன்றைக்கு யோசித்த ஒரே ஆள் அவள்தான். மத்தியான பஸ் வந்தபோது கூழாங்குறிச்சி முழுவதும், வட்டத்துக்குள் வட்டமாக, பிச்சம்மாளைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது.

பூ எல்லாம் அப்போது பறித்தது போல இருந்தது. ஒரு மொட்டுகூட வாடவில்லை. அதை ஒருவராலும் கிட்ட வந்து பார்க்கத்தான் முடியவில்லை.

பஸ் நிறைய வந்த சாஸ்தா கோயில் கூட்டம் இறங்கி, "பூ எங்க? பூக்காரம்மா எங்க?" என்று வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"நான் இங்க இருக்கேன்! ஏ, வழி விடுங்கய்யா! அவங்க போயிருவாங்க!" என்று நடுவிலிருந்து கத்தினாள் பிச்சம்மாள்.

"வழி விட்டா அது வழியா வெயில் வந்துரும் பிச்சம்மா" என்றார் அண்ணாச்சி, அன்போடு.

பிருந்தாவும் அதே பஸ்ஸில்தான் இறங்கினாள். இறங்கின இடத்திலேயே நின்றுவிட்டாள். "கையை விடுங்க! எல்லாரும் கையை விடுங்க!"

"நீங்கதானம்மா கோத்துக்கிடச் சொன்னீங்க!" என்று ஊரே ஒரே குரலில் சொன்னது. அவ்வளவு ஒற்றுமையை அந்தப் பெண் அதற்கு முன்பு எந்த ஊரிலும் பார்த்திருக்க மாட்டாள்.

கண்டக்டர் விசில் அடித்தார். கோயிலுக்கு வந்தவர்களில் சிலர், "சரி, அங்க போய்ப் பாத்துக்கிடலாம்" என்று நடக்கத் தொடங்கினார்கள். பிச்சம்மாள் அதைப் பார்த்தாள். வருஷ வியாபாரம் கிழக்கே நடந்துகொண்டிருந்தது. எழுந்து, கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறப் போனவள், கூடையில் பூ இருப்பது நினைவுக்கு வந்து, காசிராஜனின் முழங்காலை மிதித்துத் தோளில் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள்.

"யாருக்கு மாலை வேணும்? காசைத் தூக்கிப் போடுங்க, மாலையைத் தூக்கிப் போடுதேன்!"

சாமி கும்பிட வந்தவர்கள் கெட்டிக்காரர்கள். கையில் எலுமிச்சம்பழம் இருந்தது. பழத்தைக் கீறி, ரூபாயைச் சுருட்டிச் செருகி, தலைகளுக்கு மேலாக வீசினார்கள். அவள் பழத்தைப் பிடித்து, மாலையைச் சுழற்றி வீசினாள். சில பழம் அவள் கைக்கு வந்தது. ஒன்று வாத்தியாரின் வழுக்கையில் பட்டு எகிறியது. சில மாலை போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று. ஒன்று, பெரிய ரோஜா மாலை, பாதி வழியிலேயே இறங்கி அண்ணாச்சியின் கழுத்தில் விழுந்தது.

அண்ணாச்சி குனிந்து மாலையைப் பார்த்தார்.

"எனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று ஆரம்பித்தார். "நான் என்ன பெருசாச் செஞ்சுட்டேன்? இது உங்க எல்லாருடைய நிழல். இந்த மாலையை நான் ஊருக்கே காணிக்கையாக்குதேன்!"

ஊரே கைதட்டியது.

கைதட்டுவதற்குக் கையை விட வேண்டும் அல்லவா? ஒரே நிமிஷத்தில் எல்லா வட்டமும் அவிழ்ந்தது. கோயில் கூட்டம் திமுதிமுவென்று உள்ளே புகுந்தது. கைதட்டல் ஓய்ந்தபோது இரண்டு கூடைகளிலும் ஓர் இதழ்கூட இல்லை. பிச்சம்மாளின் சுருக்குப்பை எலுமிச்சம்பழ வாசனையோடு கொழுத்துப்போயிருந்தது.

பிருந்தா அதே பஸ்ஸில் திரும்பிப் போனாள். அவள் முகத்து நம்பிக்கையைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, கனகரத்தினத்தின் முறத்தை விலைக்குக் கேட்டாள். அவ்வளவு நம்பிக்கைதான் மிச்சம் இருந்தது.

"நீ இனிமே தங்கச்சி ஊருக்குப் போக மாட்டதானே?" என்றார் அண்ணாச்சி, சாயங்காலம் வரைக்கும் கழற்றாத மாலையைத் தடவிக்கொண்டே.

"போகல. என் பழைய ஓலையை மட்டும் குடுத்திருங்க. நாளைக்கும் மத்தியானம் வரும்லா."

"அதுக்கு எதுக்கு ஓலை? நாளைக்கும் நாங்க நிப்போம்."

பிச்சம்மாள் காலிக் கூடைகளை அங்கேயே போட்டுவிட்டு, ஓலை கிடந்த பாத்திரக்கடைப் பக்கம் நடந்தாள். ஊரே பஸ் ஸ்டாப்பில் நின்றதால் கடை ஆளில்லாமல் திறந்துதான் கிடந்தது.

இதற்குள் பொழுது சாய்ந்தது. நாலு பேரின் நிழலும் நீளத் தொடங்கியது. முதலில் பாய்தான் பார்த்தார்.

"அண்ணாச்சி, வளருதுவே!"

நிழல் டீக்கடையைத் தொட்டது. பாத்திரக்கடையைத் தாண்டியது. பிறகு மேலத்தெரு, கீழத்தெரு, குளக்கரை, புளியமரம் எல்லாவற்றையும் மூடிவிட்டது. எங்கே பார்த்தாலும் நிழல். ஓர் இடுக்கில்கூட வெயில் இல்லை.

"ஒரு பந்தலுக்குத்தான் திட்டம் போட்டோம்" என்றார் வாத்தியார், சுற்றிலும் பார்த்து. "ஊருக்கே வந்துவிட்டது."

"நேத்து இந்நேரம் இப்படி இருந்துச்சா?" என்றான் காசிராஜன்.

"நேத்து யாருவே பாத்தா? நேத்து நாம கடைக்குள்ள உக்காந்து திட்டம் போட்டுட்டு இருந்தோம்."

தெருவிளக்கைப் போட வந்த ஆளை நாலு பேரும் பாய்ந்து தடுத்தார்கள். கஷ்டப்பட்டுப் போட்ட நிழலை ஒரு சுவிட்சில் கெடுக்கவா?

ஆனால் அண்ணாச்சி தலைவர். நாளையைப் பற்றி யோசிக்கிறவர். "இப்ப இம்புட்டு இருக்கு. நாளைக்கு மத்தியானம் பிச்சம்மாளுக்கு வேணும்ங்கும்போது எங்க போறது? மிச்சத்தை எடுத்து வைப்போம்."

அவளுடைய காலிக் கூடையை நடுவில் வைத்து, இரண்டு கையாலும் நிழலை அள்ளி அள்ளிப் போட்டார்கள். வாடிவிடாமல் இருக்க இடையிடையே தண்ணீரும் தெளித்தார்கள். பிச்சம்மாள் ஓலையோடு வந்து, நாலு கம்பை நட்டு, தன் பந்தலைத் தானே கட்டி முடித்ததைக்கூட அவர்கள் கவனிக்கவில்லை. பாய் மட்டும், "அந்தப் பந்தலுக்கு அடியில நல்லாக் கெட்டியா இருக்கு, அதுல ரெண்டு கை அள்ளுங்க" என்றார்.

"அள்ளிக்கிடுங்க" என்றாள் பிச்சம்மாள். "ஓலையைத் தொட்டா கையை ஒடிச்சிருவேன்."

"கூடை நெறஞ்சிட்டா?" என்றார் அண்ணாச்சி.

"மேல வரைக்கும் நெறஞ்சிட்டு. அடி தெரியல."

வாத்தியார் எதையும் சரிபார்க்காமல் விட மாட்டார். தீக்குச்சியைக் கிழித்துக் கூடைக்குள் பார்த்தார். "ஐயோ! காலி!"

குச்சி அணைந்தது.

"இப்போ?"

"நெறைஞ்சிருக்கு."

மறுபடி கிழித்தார். காலி. அணைந்தது. நிறைந்தது. தீப்பெட்டி தீரும் வரைக்கும் பார்த்தார்கள். குச்சி எரிந்தபோதெல்லாம் எவனோ எடுத்துக்கொண்டு போனான். அணைந்தபோதெல்லாம் யாரோ திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள்.

அண்ணாச்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு ஈரத்துணியால் கூடையை இறுக்கி மூடி, "பாத்துத் தூக்குங்கவே, பாரம்" என்று மற்ற மூன்று பேரையும் ஒரு கை பிடிக்கச் சொல்லி, பந்தலுக்கடியில் பிச்சம்மாளின் காலடியில் கொண்டு வந்து இறக்கினார்.

"வெளிச்சத்துல எடுத்தா தீந்துபோற சரக்கு பிச்சம்மா இது. பத்திரமா வெச்சுக்கோ. எப்ப வேணும்னாலும் எடுத்துக்கோ. பகல்ல மட்டும் தொறந்துராத."